சான் அன்ரோனியோவில் போன கிழமை மழை

தம்பிக்கு,

சனிக்கிழமைதான் இரண்டாம் தரமும் புட்டுப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாய். ஆகையால் சுகம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். அன்று மேசையில் நீ நோர்மா அன்ரியோடு ஸ்பானிஷில் கதைத்தது எனக்கு விளங்கியது. ஒரு சொல் விடாமல் விளங்கியது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் விளங்க வேண்டியது விளங்கியது. ரெக்ஸசில், சான் அன்ரோனியோவில் இருக்கும் அந்த ஸ்பானிஷ் ரீவி ஸ்ரேசன் மாலைச் செய்தியைப் பொறுப்பெடுத்துத் தயாரிக்க உன்னை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். நீ மாட்டேன் என்று சொல்லப் போகிறாய். காரணம், அம்மா தனிய இருக்கிறா. நீ இதைச் சொன்னபோது நான் உனக்குப் பக்கத்தில் நின்று உன் தட்டில் சொதி விட்டுக்கொண்டிருந்தேன். நோர்மா என்னை ஒருதரம் பார்த்தாள், பிறகு குனிந்து தன் தட்டைப் பார்த்தாள். என் சங்கதி அவளுக்கு எப்போதோ தெரியும். உனக்குத்தான் தெரியாது.

இதை நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ தோளில் கையைப் போட்டு, "அம்மா, இட்ஸ் நொட் எ பிக் டீல்" என்று தொடங்கி, என் பிரஷர் குளிசையை விசாரித்து, கதையை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவாய். உன் அப்பாவும் இதே வித்தைக்காரன்தான். கடிதத்தில் குறுக்கே கதைக்க முடியாது, அதுதான் இதன் வசதி. நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய், பரவாயில்லை, மெதுவாகவே வாசி. தமிழ் வகுப்புக்கு நீ காலை உதைத்து அழ அழ உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, அதன் பலனை இன்றைக்கு நான் அனுபவிக்கப் போகிறேன். விளங்காத சொல் இருந்தால் என்னைக் கேள். நோர்மாவைக் கேட்காதே.

உனக்கு நினைவு தெரியாத காலத்தில் இருந்து சொல்ல வேண்டும். நீ பிறந்தபோது நாங்கள் ஸ்காபரோவில் அந்தப் பழைய மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பா பிறம்ரனில் ஒரு ட்ரக் கொம்பனியில் சேர்ந்து அமெரிக்காவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போவார், போனால் வர நாளாகும். எனக்கு மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் கொம்பியூட்டர் பாகங்கள் பூட்டும் வேலை. பக்கத்துக் கதவு நோர்மாவுடையது. அவள் எல் சல்வடோரில் இருந்து சண்டைக்குத் தப்பி வந்தவள், நாங்கள் எங்கள் சண்டைக்குத் தப்பி வந்தவர்கள். என்னிடம் இருந்த இங்கிலீஷ் கொஞ்சம், அவளிடம் அதிலும் கொஞ்சம். ஆனாலும் ஒருநாள் நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றபோது, அவள் வந்து கையை நீட்டினாள். நான் உன்னைக் கொடுத்தேன். இப்போது யோசித்தால் நெஞ்சு திடுக்கிடுகிறது, பெயர்கூடச் சரியாகத் தெரியாத ஒருத்தியிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். என் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியங்களில் மிகச் சரியாக வந்தது அதுதான்.

நோர்மாவின் தங்கை லூபே சான் அன்ரோனியோவில் இருந்தாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அந்த நாளில் இங்கே ஸ்பானிஷ் ரீவி பார்ப்பதென்றால் எல்லா மொழிக்காரருக்கும் பங்குபோட்டுக் கொடுக்கும் அந்த ஒரு சனல்தான், அதில் எங்களுக்கு ஒரு துண்டு நேரம், அவர்களுக்கு ஒரு துண்டு நேரம். நோர்மாவுக்கு அது பல்லுக்கும் காணாது. அதனால் லூபே தன் ஊர் ஸ்ரேசனில் பின்னேரம் வரும் தொடர் நாடகத்தை வீடியோக் கசற்றில் பதிந்து, கிழமைக்கு ஒரு பெட்டியாகத் தபாலில் அனுப்புவாள். லூபேக்கு ஒரு குணம். பதியத் தொடங்கினால் கசற் முடியும்வரை நிறுத்தமாட்டாள். அதனால் மயாமியில் இருந்து எல்லா ஊருக்கும் பொதுவாக வரும் நாடகம் முடிந்த பிறகு, அந்த ஊர் ஸ்ரேசன் தானே தயாரித்த செய்தியும் கசற்றில் வரும். கார்க்கடை விளம்பரம் வரும், தொலைந்த நாயின் படம் வரும், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று வரும், நாளைய வானிலை வரும். நாளைய வானிலை என்று செய்தி வாசிப்பவன் சொல்வது எங்களுக்குப் போன கிழமை வானிலை. ஜன்னலுக்கு வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருக்கும், உள்ளே அந்த மனிதன் வெயில் கொளுத்தப் போகிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்பான். நீ ஓடிப்போய்க் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்காருவாய்.

வேலை முடிந்து உன்னைக் கூட்டிப் போக வரும்போது அங்கே சரியாக நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். நாடகம் ஓடும்போது நோர்மா வாய் திறக்கமாட்டாள். இரு என்று கையால் காட்டுவாள், இருப்பேன். களைப்பில் முதலில் சும்மா இருந்தேன், பிறகு அந்தக் குருட்டு வேஷம் போடும் மாமியார் என்ன செய்யப்போகிறாள் என்று அறிய இருந்தேன். உப்புக்கு ஸ்பானிஷில் என்ன சொல் என்று தெரியுமுன்னமே துரோகி, கர்ப்பம், உயில், நீ என் தகப்பன் இல்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைப் பிரிக்கலாம், ஒரு இறாத்தல் தக்காளி வாங்க முடியாது. தக்காளி வாங்கக் கற்றுத்தந்தது பின்னால் வந்த அந்த ஊர்ச் செய்திதான். அவர்கள் ஆறுதலாகக் கதைப்பார்கள். வீதி, நெருப்பு, பக்கத்து வீடு, பள்ளிக்கூட பஸ், மழை என்று மனிதருக்கு வேண்டிய சொற்களைச் சொல்வார்கள், படமும் கூடவே வரும். எனக்கு அதைவிடச் சிறந்த வாத்தியார் கிடைத்ததில்லை.

பிறகு ஏன் இத்தனை காலமாகச் சொல்லவில்லை என்று கேட்பாய். முதலில் வெட்கம். காது பிடித்துக்கொண்ட அளவுக்கு நாக்கு பிடிக்கவில்லை. பிறகு நீ வளர்ந்துவிட்டாய், என் முன்னால் இருந்துகொண்டே நோர்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கிவிட்டாய். கணக்கில் ஃபெயில் ஆனதைச் சொன்னாய். பதினோராம் வகுப்பில் அந்தப் பிள்ளை உன்னோடு கதைப்பதை நிறுத்தியதைச் சொன்னாய். அப்பா கண்ணை மூடிய பிறகு, என்னிடம் "ஐ ஆம் ஓகே அம்மா, டோன்ட் வொறி" என்றுவிட்டு, அவளிடம் நித்திரை வருவதில்லை என்று சொன்னாய். எனக்கு விளங்கும் என்று அப்போது வாயைத் திறந்திருந்தால் நீ அந்தக் கதவையும் சாத்தியிருப்பாய். அதனால் விளங்காதவள் போல வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அடுத்தநாள் உனக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்ததைத் தற்செயல் என்று நினைத்திருப்பாய். எனக்குப் பொறாமை இருந்ததா என்றால், இருந்தது, நிறைய இருந்தது. ஆனாலும் பிள்ளைக்கு மனம்விட்டுக் கதைக்க ஒரு ஆள் இருந்தது பெரிய கொடுப்பினை. அது நானாக இல்லாவிட்டால் என்ன, நான் கேட்கிற தூரத்தில்தானே நடந்தது.

இனி அந்த வெள்ளத்தின் கதையைச் சொல்லவேண்டும். நீ அப்போது பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாய். மாதக்கணக்காகப் பார்த்த ஒரு நாடகத்தின் கடைசிப் பகுதி கசற்றில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்ப்பதென்று முடிவாகி, நான் ரோல்ஸ் சுட்டுக்கொண்டு போனேன், நோர்மா சோளமாவில் ரொட்டி போட்டிருந்தாள். திரையில் கோயில், கல்யாணம், மணப்பெண்ணின் முகத்தை மூடிய சீலையை மாப்பிள்ளை தூக்கப் போகிறான். உள்ளே இருப்பது அக்காவா தங்கையா என்று தெரிய வேண்டும். அந்த நேரம் பார்த்து நாடகத்தை வெட்டிவிட்டு, கோட்டைக் கழற்றிவிட்டுச் சேட்டோடு நிற்கும் அந்த ஊர்ச் செய்தி வாசிப்பவன் வந்தான். ஆறு பெருகுகிறது, தாழ்வான வீதிகளால் போகாதீர்கள் என்று சொல்லி, ஒவ்வொரு வீதியாகப் பெயர் வாசிக்கத் தொடங்கினான். கசற் முடியும்வரை அதையே வாசித்தான். மணப்பெண் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

நோர்மா தலையில் கை வைத்துக்கொண்டு குளறினாள். நான் தமிழில் அவனைத் தாறுமாறாகத் திட்டினேன். "உவனுக்கு வேற நேரம் கிடைக்கேல்லையே? ஒரு அஞ்சு நிமிசம் பொறுத்தால் என்ன, வெள்ளம் ஓடியே போயிடும்?" என்றேன். அப்போது அவன் வாசித்த பெயர்களில் லூபேயின் வீதியும் வந்துவிட்டது. நோர்மா ரோல்ஸை அப்படியே கீழே போட்டுவிட்டு ரெலிபோனுக்குப் பாய்ந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு வந்த எல்லா மொழியிலும், "இது போன கிழமை மழையடி! இந்தக் கசற்றைத் தபாலில போட்டது ஆர்? லூபேதானே!" என்று கத்தினேன். அவளுக்கு அது ஏறவில்லை, எண்ணைச் சுழற்றிவிட்டாள். வெயில் காயும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் லூபே ரெலிபோனை எடுத்து, அக்கா எந்த மழையைப் பற்றி அழுகிறாள் என்று விளங்காமல் திகைத்திருக்கிறாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் நீ பயந்து என் மடியில் வந்து ஏறினாய்.

சிரித்து முடிந்த பிறகுதான் லூபே சொன்னாள். அன்றைக்கு அவளும் அந்தச் செய்திக்காரனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாளாம். பிறகு தன் வீதியின் பெயர் கேட்க, புருஷன் வேலை செய்யும் கராஜுக்கு ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்றாளாம். அவர் அன்றிரவு கராஜிலேயே தங்கியிருக்கிறார். அவர் வழக்கமாக வரும் பாதையில் தண்ணீர் காரை மூடுகிற உயரத்துக்கு ஓடியதாம். நோர்மா ரெலிபோனை வைத்துவிட்டு, கீழே போட்ட ரோல்ஸைப் பொறுக்கினாள். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "எங்கள் ஊரில் குண்டு விழும்போது ரேடியோவில் டான்ஸ் பாட்டுத்தான் போனது."

எங்கள் ஊரிலும் அப்படித்தான், தம்பி. நாங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் நேயர் விருப்பம் போனது. ஒருவரும் பாட்டை நிறுத்திவிட்டு, அந்த வீதியால் போகாதீர்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. படத்தில் மட்டும் நீ பார்த்த உன் மாமா, என் அண்ணா, மாவும் மண்ணெண்ணெயும் வாங்க சைக்கிளில் போன வீதி இருக்கிறது. அதன் பெயரை யாராவது ஒருதரம் வாசித்திருந்தால் அவர் இன்று மார்க்கத்தில் பெரிய வீடு கட்டிக்கொண்டு எங்களுக்கெல்லாம் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். நோர்மாவின் வீட்டுச் சோபாவில் இருந்து அன்றைக்கு நான் அழுதேன். துக்கத்தில் மட்டும் அழவில்லை. எங்கேயோ ஒரு ஊரில், காசு கொடுத்த விளம்பரக்காரனையும் பொருட்படுத்தாமல், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் கல்யாணத்தை நிறுத்திவிட்டு, கராஜ் வேலைக்காரருக்கும் வீடு துப்புரவாக்கும் பெண்களுக்கும் அவர்களுடைய மொழியிலேயே வீதியின் பெயரைச் சொல்ல ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை நினைத்தும் அழுதேன். அவனுக்கு என்னைத் தெரியாது, நான் அவனை மனதுக்குள் கும்பிட்டேன். நீ ரீவிக்கு முன்னால் கரண்டியை மைக் போலப் பிடித்துக்கொண்டு அந்த வீதிப் பெயர்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாய். உனக்கு எப்போது இந்தச் செய்திப் பைத்தியம் பிடித்தது என்று எல்லாரும் கேட்பார்கள். எனக்குத் தெரியும், நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா ஒருமுறை அந்தப் பக்கம் சாமான் இறக்கப் போய், ட்ரக்குகள் நிற்கும் சாப்பாட்டுக் கடையில் இருந்து ரெலிபோன் எடுத்தார். "உங்கட ஆள் இஞ்ச ரீவியில வாசிச்சுக்கொண்டு நிக்கிறான்" என்றார். நீ என் கையில் இருந்து ரெலிபோனைப் பறித்து, "அப்பா, அது இண்டைய வெதரா?" என்று கேட்டாய். இன்றைய வெதர்தான் என்று அவர் சொன்னதும் உனக்கு வந்த சந்தோசத்தை நான் மறக்கவில்லை. உன் அப்பா அதன்பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உனக்கு அன்றைய வெதரைச் சொல்லுவார். வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை கதைக்காத மனிதர்.

நீ இங்கே அந்தப் பல மொழிச் சனலில் ஸ்பானிஷ் பகுதிக்கு வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆட்கள் சும்மா விடவில்லை. கோயிலில் ஒருவர் பிரசாதத்தை வாயில் போட்டுக்கொண்டே, "உவன் ஏன் ஸ்பானிஷ்காரரிட்ட வேலை செய்யிறான்? எங்கட ரீவி ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். நான், "அண்ணை, அவனுக்கு ரெண்டு வீட்டில சோறு. ஒரு வீட்டில சாப்பிட்டவன் மற்ற வீட்டையும் எட்டிப் பாத்தால் உங்களுக்கேன் செமிக்கேல்ல?" என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னைக் கண்டால் மற்ற வரிசையில் நிற்கிறார். ஆனால் இங்கே உனக்கு மனம் நிறையவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வெளியில் இருந்து வருவதை வெட்டி ஒட்டிப் போடுவதுதான் வேலை என்று நீ அலுத்துக்கொண்டாய். "ஒரு ஊருக்குச் செய்தி சொல்லோணும் அம்மா, ஐ வோன்ட் எ ரியல் ரவுன்" என்று என்னிடமே சொன்னாய். இப்போது அந்த ஊரே, கரண்டியைப் பிடித்துக்கொண்டு நீ பார்த்த அதே ஸ்ரேசனே, உன்னை வா என்கிறது. நீயாக விண்ணப்பித்து, நீயாக வென்ற இடம். அதற்கு மாட்டேன் என்று எழுதப் போகிறாயாம், என் பெயரைச் சொல்லி.

என்னைச் சாட்டாதே, தம்பி. இன்றைக்கு அது பாசமாகத் தெரியும். இன்னும் கொஞ்சக் காலம் போக, ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மேசையில் இருந்து நீ சாப்பிடும்போது அந்த வேலை உனக்கு நினைவு வரும். நீ வாயால் ஒன்றும் சொல்லமாட்டாய், உன் முகத்தில் நான் பார்ப்பேன். எனக்குப் புரியாது என்று நீ நினைக்கும் மொழியில் கதைத்தாலே கண்டுபிடிக்கிறவள், உன் முகத்தைக் கண்டுபிடிக்கமாட்டேனா? நீ போனால் எனக்குக் கவலை இல்லை என்று சொல்ல வரவில்லை. சனிக்கிழமை வெறும் மேசை எனக்குப் பெரிய கவலையாகத்தான் இருக்கும். ஆனால் நான் தனிய இல்லை. நோர்மா நாள்தோறும் வருகிறாள், வந்தால் போகிறதில்லை. நாங்கள் இரண்டு கிழவிகளும் கொம்யூனிற்றி சென்ரர் குளத்தில் இறங்கி நின்று கதைக்கிறோம், நீந்துகிறோம் என்று வெளியில் சொல்கிறோம். ஸ்னோ அள்ள பக்கத்து வீட்டுச் சீனத் தம்பி இருக்கிறார். உன் ஸ்ரேசனின் செய்தியை இப்போது ஐபேட்டில் அன்றன்றைக்கே பார்க்கலாம் என்று நோர்மாவின் மகள் போட்டுத் தந்துவிட்டாள்.

போய் இறங்கியதும் முதல் கொஞ்ச நாள் லூபேயோடு இரு, அவள் தருவதைச் சாப்பிடு, காரம் காணாது என்று முகத்தைச் சுளிக்காதே. ஸ்ரேசன் சின்ன இடமாகத்தான் இருக்கும். மயாமியில் இருக்கிறவர்கள் நினைத்ததுதான் அங்கே பெரும்பாலும் நடக்கும், ஊருக்கென்று அவர்கள் விட்டுத் தரும் நேரம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. நீ ஒருநாள் நாடகத்தை நிறுத்த வேண்டி வரும். விளம்பரக்காரன் ரெலிபோன் எடுப்பான், மேலே இருக்கிறவன் முறைப்பான், ஊரில் உள்ள பெண்களெல்லாம் என்னைப்போல உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். அடுத்தநாளும் திட்டுவதற்கு அவர்கள் உயிரோடு இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இதை நீ நோர்மாவிடம்கூடச் சொல்லவில்லை, ஆனால் உன் மனதில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். அப்பா போகும்போது நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நீ எனக்கு ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க வேறு ஆள் இல்லை. தூரத்தில் இருந்தால் அம்மாவுக்கு நேரத்துக்கு வந்து சேர மாட்டேனோ என்று பயப்படுகிறாய். அந்தப் பயத்துக்கு நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும், எத்தனை தாய்மாருக்கு அது கிடைக்கிறது? ஆனால் இது ஊர் இல்லை, தம்பி, பொழுதுபடுமுன் காரியம் முடிக்க. இங்கே ஃபியூனரல் ஹோமில் வைத்திருப்பார்கள். எங்கள் சொந்தக்காரர் எல்லாருக்கும் வசதியான ஒரு வீக்கென்ட் பார்த்து முடிவெடுக்கவே நாள் போய்விடும். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்கு வாறன் என்று எழுது. என்றைக்காவது நோர்மாவிடம் இருந்து அந்த ரெலிபோன் கோல் வந்து, அந்த நேரம் உன் ஊரில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தால், எழும்பி ஓடி வராதே. செய்தியை முழுவதும் முடித்துவிட்டு வா. எனக்கு அப்போது ஒரு அவசரமும் இருக்காது.

அம்மா